அக்காவின் மூன்று பவுன்

2010 மார்ச் மாதம், அப்பாவின் முப்பதாம் நாள் பூசை. எங்கள் ஊர் கிருஷ்ணகிரிக்கும் பர்கூருக்கும் நடுவில், எலத்தகிரிப் பக்கம். ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்கக் குடும்பங்கள் நிறைய உள்ள வட்டாரம். தாத்தா காலத்திலிருந்து கோயில் மணி கேட்டுத்தான் எங்கள் வீட்டில் பொழுது விடியும். அன்றைக்கு உறவுக்காரர்கள் எல்லாரும் கோயிலுக்குள் போய்விட்டார்கள். நான் மட்டும் வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். சித்தப்பா வந்து கையைப் பிடித்தார். "வாப்பா, பெத்தவனுக்கு ஒரு பூசை. உள்ள வந்து சும்மா நில்லு, போதும்."

நான் சத்தமாகவே சொன்னேன். "செத்தவங்களுக்குப் பூசை வச்சு ஒண்ணும் ஆகாது சித்தப்பா. அப்பா இரட்சிக்கப்படாமலே போயிட்டாரு. இனிமே அதை யாராலும் மாத்த முடியாது."

திரும்பிப் பார்த்தால் இரண்டடி தள்ளி அம்மா. ஒன்றும் சொல்லவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு உள்ளே போய்விட்டாள். நான் சத்தியத்தைச் சொல்லிவிட்ட நிம்மதியோடு அங்கேயே நின்றேன். அந்த நிம்மதியை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு வலிக்கிறது.

நான் ஏன் அப்படிப் பேசினேன் என்பதற்குப் பின்கதை உண்டு. ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. சம்பளம் வந்த வாரமே குடியில் கரைந்துவிடும். 2006இல் அக்காவிடம் போய், வீட்டு அட்வான்ஸ் கட்டவேண்டும், இரண்டு மாதத்தில் மீட்டுத் தருகிறேன் என்று அவளுடைய மூன்று பவுன் சங்கிலியை வாங்கினேன். அவள் கல்யாணத்துக்கு அப்பா போட்ட ஒரே நகை அது. அடகு வைத்தேன். வட்டி கட்டவில்லை. ஏலத்துக்குப் போய்விட்டது. மாமா ஒரு வார்த்தை கேட்கவில்லை, அக்காவும் ஊரில் யாரிடமும் சொல்லவில்லை.

2008இல் கூட வேலை செய்த ஒருவர் என்னை ஓசூரில் ஒரு பெந்தெகொஸ்தே சபைக்குக் கூட்டிப்போனார். அன்றிலிருந்து நான் ஒரு சொட்டு தொடவில்லை. இதை ஆண்டவர் செய்தார் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன், அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. தென்பெண்ணை ஆற்றில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தேன். "பழையவைகள் ஒழிந்துபோயின, எல்லாம் புதிதாயின" என்ற வசனத்தை வீட்டுச் சுவரில் மாட்டினேன். பார்க்கிறவர்களை எல்லாம் "இரட்சிக்கப்பட்டுட்டீங்களா?" என்று கேட்டேன். ஊரில் எங்களை அல்லேலூயாக்காரங்க என்பார்கள். நாங்கள் அவர்களைப் பேரளவுக் கிறிஸ்தவர்கள் என்போம்.

முப்பதாம் நாள் அன்று சாயங்காலம் அக்கா திண்ணையில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தாள். மாசி பங்குனியில் எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு புளிதான். கட்டைமேல் பழத்தை வைத்து இரும்புக் கம்பியால் ஒரு தட்டு. கொட்டை தெறித்துப் போகும், சதை நாரோடு கையில் நிற்கும். விரல் நுனியெல்லாம் கறுத்துப் போயிருக்கும். துக்கத்துக்கு வந்த கூட்டம் கலைந்ததுமே உட்கார்ந்துவிட்டாள், கூலி வேலை நிற்காது. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தலை நிமிராமலே கேட்டாள்.

"உனக்கு எல்லா பாவமும் மன்னிக்கப்பட்டுச்சா தம்பி?"

"ஆமாக்கா. சிலுவையிலேயே தீர்ந்துபோச்சு."

"என் சங்கிலியுமா?"

எனக்கு உடனே பதில் வந்தது, சபையில் அடிக்கடி கேட்ட பதில். "அது பழைய மனுஷன் செஞ்சதுக்கா. அவன் செத்துட்டான்."

கம்பி நின்றது. "செத்தவனுக்கு ஒண்ணும் பண்ண முடியாதுன்னு காலையில நீதான் சொன்ன. சரி. அப்ப என் மூணு பவுனை நான் யார்கிட்ட கேக்கறது?"

நான் எழுந்து வந்துவிட்டேன். அதற்குப் பிறகு நாலு வருஷம் அக்காவிடம் சரியாகப் பேசவில்லை. அவள் ஃபாதரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம், அதற்கான பரிகாரம் என்று வளர்ந்தவள், கிருபை புரியாதவள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஜெபத்தில் அவள் பேரைச் சொல்லி, "அவள் கண்களைத் திறந்தருளும்" என்று வேண்டினேன். அவளிடம் நான் பட்ட கடன் அந்த ஜெபத்தில் ஒருநாளும் வந்ததில்லை.

2014இல் பிள்ளைகள் படிப்புக்காகக் கிருஷ்ணகிரிக்குக் குடிவந்தோம். வீட்டுக்காரர் லுத்தரன், அதாவது மார்ட்டின் லூத்தர் வழிவந்த சபைக்காரர், ரிட்டயர்டு தலைமையாசிரியர். குடிவந்த வாரமே அவரிடமும் என் கேள்வியைக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. உள்ளே போய் வேதாகமத்தை எடுத்துவந்து மூன்று இடத்தில் விரல் வைத்தார். எபேசியர் 2:8, "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்." 1 கொரிந்தியர் 1:18, "இரட்சிக்கப்படுகிற நமக்கோ." மத்தேயு 24:13, "முடிவுபரியந்தம் நிலைநிற்பவனே இரட்சிக்கப்படுவான்."

"மூணு காலமும் இருக்குது பாருங்க. உங்க சபை முதல் வசனத்தைக் கெட்டியா புடிச்சிருக்குது. உங்க அம்மா மூணாவதைப் புடிச்சிக்கிட்டு ஜெபமாலை சொல்றாங்க. நடுவுல இருக்கறதை ரெண்டு பேருமே படிக்கறதில்ல."

அன்றிலிருந்து சாயங்காலம் டீ குடிக்கும் நேரம் எங்களுக்கு வாக்குவாத நேரமானது. அவர் விட்டுக்கொடுத்துப் பேசுகிறவர் இல்லை. குழந்தை ஞானஸ்நானம் சரிதான் என்பார், நான் மறுப்பேன். மரித்தோருக்கு ஜெபிப்பதில் அவரும் என் பக்கம்தான். எல்லாரும் ஒன்றுதானே, எதற்குச் சண்டை என்று யாராவது சொன்னால் அவருக்குப் பிடிக்காது. ஒருநாள் நேதர் என்ற ஜெர்மன் மிஷனரியின் கதையைச் சொன்னார். தியோடர் நேதர் முதலில் ஜெர்மன் லுத்தரன்களின் லைப்சிக் மிஷனில் இருந்தவர். வேதாகமத்தின் ஒவ்வொரு வார்த்தையும் தேவ ஆவியால் அருளப்பட்டதா என்ற விவாதத்தில் அந்த மிஷனை விட்டுப் பிரிய நேர்ந்தது. பிறகு அமெரிக்காவின் மிசௌரி லுத்தரன் சபை அவரை அனுப்ப, 1895இல் கிருஷ்ணகிரியில் வேலையைத் தொடங்கினார். 1904இல் பிளேக் நோயில் இறந்துபோனார். "உபதேசத்துக்காக வேலையை விட்ட மனுஷன் ஆரம்பிச்ச சபை எங்களது. அதனால உபதேசம் முக்கியமில்லன்னு என் வாயில வராது" என்றார்.

நான் உடனே பிடித்துக்கொண்டேன். "அப்ப நான் எங்கப்பாவைப் பத்திச் சொன்னது சரிதானே ஐயா?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "பூசை வைக்கறது வேதப்படி சரியில்லன்னு சொன்னீங்க பாருங்க, அது உபதேசம். நானும் சொல்வேன். உங்கப்பா இரட்சிக்கப்படலன்னு சொன்னது தீர்ப்பு. அந்தத் தகவல் உங்களுக்கு எங்கிருந்து வந்துச்சு?"

ரோமர் 14:4ஐ எடுத்துக் கையில் கொடுத்து என்னையே படிக்கச் சொன்னார். "மற்றொருவனுடைய வேலைக்காரனைக் குற்றவாளியாகத் தீர்க்கிறதற்கு நீ யார்? அவன் நின்றாலும் விழுந்தாலும் அவனுடைய எஜமானுக்கே அவன் உத்தரவாளி." எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த வசனம்தான். அப்பாவை அந்த வேலைக்காரன் இடத்தில் வைத்து நான் அதைப் படித்ததே இல்லை.

இரட்சிப்பு எதனால் வருகிறது என்ற இந்தச் சண்டையின் வயதும் அவர் மூலமாகத்தான் தெரிந்தது. 1517இல் ஜெர்மன் துறவி மார்ட்டின் லூத்தர் எழுதிய 95 கருத்துரைகளில் முதலாவதே, விசுவாசியின் முழு வாழ்க்கையும் மனந்திரும்புதலாக இருக்கவேண்டும் என்பதுதான். 1547இல் கத்தோலிக்க பிஷப்புகள் கூடிய திரெந்து சங்கம், விசுவாசத்தினால் மட்டுமே ஒருவன் கடவுள் முன் நீதிமானாக்கப்படுகிறான் என்பதைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலகப் பேரவையும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம் தகுதியால் ஒன்றும் இல்லை, கிருபையினால்தான் கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிறார், அந்தக் கிருபையே நற்கிரியைக்கு நம்மைத் தயார்ப்படுத்துகிறது என்று இரண்டு பக்கமும் சேர்ந்து சொன்னார்கள். இடையில் 452 வருஷம். மிசௌரி சபை அதை ஏற்கவில்லை என்பதையும் ஐயாவே சொன்னார், மறைக்கவில்லை. இவ்வளவு பெரிய மனிதர்கள் இத்தனை நூறு வருஷம் உட்கார்ந்து பேசிய காரியத்தை நான் வேப்பமரத்தடியில் ஒரே வாக்கியத்தில் முடித்திருந்தேன்.

சங்கிலி விஷயத்தை அவரிடம் சொல்ல எனக்கு மாதக்கணக்கானது. சொன்னதும் லூக்கா 19ஐத் திறந்தார். சகேயு நின்று, "ஒருவனிடத்தில் எதையாகிலும் அநியாயமாய் வாங்கினதுண்டானால், நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்" என்கிறான். அடுத்த வசனத்தில் இயேசு, "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்கிறார்.

"திருப்பிக் குடுத்ததால இரட்சிப்பு வந்துச்சா, இரட்சிப்பு வந்ததால திருப்பிக் குடுத்தானா? இதுக்குத்தான் இத்தனை வருஷமா சண்டை. நான் ரெண்டாவதுதான்னு சொல்வேன், உங்க அக்கா வேற மாதிரி சொல்லலாம். ஆனா எந்தச் சபைக்காரனும் பணம் திரும்பிப் போகலன்னு சொன்னதில்லையே."

அதற்குமேல் அவர் பேசவில்லை, நானும் பேசவில்லை. அடுத்த மாதமே நகைச்சீட்டு சேர்ந்தேன். அடகு வைத்தபோது பவுன் ஏழாயிரத்தை ஒட்டி இருந்தது. 2016இல் வாங்கும்போது இருபத்திரண்டாயிரத்தைத் தாண்டிவிட்டது. சீட்டுப் பணத்தோடு ஓவர்டைம் பணத்தையும் போட்டேன். அந்தக் காலத்தில் வாங்கின பணத்தைக் கொடுத்தால் போதுமே என்று ஒருவர் யோசனை சொன்னார். நான் வாங்கியது பணம் இல்லை, சங்கிலி. அக்கா இழந்ததும் சங்கிலி. அதனால் சங்கிலியாகத்தான் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. இதே நிலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்வதும் இதுதான்: எவ்வளவு வாங்கினோம் என்று கணக்குப் பார்க்காதீர்கள், அவர்கள் எதை இழந்தார்கள் என்று பாருங்கள்.

அக்கா அதை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மன்னித்துவிட்டேன் என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். "இதை வாங்கிக்கறேன். அப்பாவைப் பத்திச் சொன்ன வார்த்தையை அம்மாகிட்டப் போய்த் திருப்பி எடு" என்றாள்.

அம்மா அடுப்படியில் களி கிண்டிக்கொண்டிருந்தாள். கேழ்வரகுக் களியை நடுவில் விட்டுவிட்டு எழ முடியாது, கட்டி தட்டிவிடும். துடுப்பை அவள் கையிலிருந்து வாங்கி நான் கிண்டினேன். கிண்டிக்கொண்டே சொன்னேன். "அன்னிக்கு அப்பாவைப் பத்தி நான் பேசினது தப்பும்மா. அது எனக்குத் தெரியாத விஷயம். தெரிஞ்ச மாதிரி பேசிட்டேன். மன்னிச்சிடும்மா."

"மன்னிக்கறதுக்கு என்னடா இருக்குது. பொறுத்துக்கிட்டேன், அவ்வளவுதான்."

நாங்கள் சபையில் "எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்று ஜெபிக்கிறோம். அம்மா சொல்வது "எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும்." சின்ன வயதில் நானும் அப்படித்தான் சொன்னேன். கடன் என்றால் ஒரே நாளில் தள்ளுபடி செய்துவிடலாம். பொறுப்பது அப்படி முடிகிற வேலை இல்லை, பாரத்தைத் தூக்கிக்கொண்டே நடக்கவேண்டும். ஆறு வருஷம் அம்மா என் வார்த்தையைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறாள். இரண்டு ஜெபமும் எனக்கு வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றியது. இன்றும் தனியாக ஜெபிக்கும்போது இரண்டு விதமாகவும் சொல்கிறேன்.

களியை இறக்கிவைத்துவிட்டு, அதுவரை ஒருநாளும் கேட்காத ஒன்றை அம்மாவிடம் கேட்டேன். "நீ மோட்சம் போறது எதனாலம்மா? மாலை சொல்றதாலயா?" அம்மா என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "மாலை சொன்னா அவர் கடன்பட்டவராயிடுவாரா? அவர் இரக்கம் இல்லன்னா நான் எங்கடா நிக்கறது." எங்கள் சபையில் வாரம் தவறாமல் கேட்கிற பிரசங்கம்தான், வேறு சொற்களில்.

அப்புறம் அவளே அப்பாவின் கடைசி நாளைப் பற்றிச் சொன்னாள். நான் ஓசூரில் இருந்தேன். ஃபாதர் வந்து பாவசங்கீர்த்தனம் கேட்டு, சாகும் தறுவாயில் எண்ணெய் பூசும் அவஸ்தைப் பூசுதலும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அதற்குப் பிறகு அப்பா அம்மாவைக் கூப்பிட்டு, "அவனுக்குக் குடி விட்டுச்சே. அந்தச் சபைக்காரங்களுக்கு நான் தோத்திரம் சொன்னன்னு சொல்லு" என்றிருக்கிறார். முப்பதாம் நாள் அன்று பூசை முடிந்ததும் என்னிடம் சொல்லலாம் என்று அம்மா வைத்திருந்தாளாம்.

என்னைப்போல வேறு சபையில் இருக்கிறவர்களுக்கு, வேறு சபைக்காரர்களை வீட்டில் வைத்திருக்கிறவர்களுக்கு, நான் பட்டுத் தெரிந்துகொண்ட சிலவற்றைச் சொல்லவேண்டும். முதலில் சொற்கள். நாங்கள் இரட்சிப்பு என்பதைக் கத்தோலிக்கர்கள் மீட்பு என்பார்கள், விசுவாசத்தை நம்பிக்கை என்பார்கள். இரு தரப்பும் சேர்ந்து மொழிபெயர்த்து 1995இல் வெளிவந்த திருவிவிலியத்தில் அந்தச் சொற்கள்தான் இருக்கின்றன. அதே எபேசியர் 2:8ஐ அதிலிருந்து அக்காவுக்கு வாசித்துக் காட்டினால் அவளுக்கு ஒரு தடையும் இல்லை. எங்கள் பழைய மொழிபெயர்ப்பில் காட்டினால் தன்னை மதம் மாற்ற வருகிறான் என்று நினைப்பாள். வாக்குவாதம் செய்யுமுன் அவர்கள் புத்தகத்திலிருந்து, அவர்கள் சொல்லிலேயே பேசிப்பாருங்கள். பாதிச் சண்டை அங்கேயே இல்லாமல் போகும். மீதிப் பாதி உண்மையான வேறுபாடு, அதை நேராகவே பேசலாம். ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்திலும் துக்க வீட்டிலும் வேண்டாம். குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் வேண்டாம், அங்கே எழுதுகிறவர் யாரும் எதிராளியின் முகத்தைப் பார்ப்பதில்லை.

கல்யாணம், சாவு இரண்டையும் முன்கூட்டியே பேசிவைப்பது நல்லது. அக்கா மகளுக்கு சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை மாப்பிள்ளை அமைந்தபோது, பங்குக் கோயிலில் பையனின் ஞானஸ்நான சர்டிபிகேட்டைக் கேட்டார்கள், ஆயரின், அதாவது பிஷப்பின், அனுமதிக்கு எழுதினார்கள். தந்தை, மகன், தூய ஆவி பெயரால் தண்ணீரில் கொடுத்த ஞானஸ்நானத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்றுக்கொள்கிறது, மறுபடி கொடுப்பதில்லை. பிற சபையாரையும் ஆண்டவருக்குள் சகோதரர்கள் என்று 1964லேயே கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் எழுதிவைத்திருக்கிறது. இது எங்கள் பக்கத்தில் பலருக்குத் தெரியாது, எனக்கும் அன்றுதான் தெரிந்தது.

மன்னிப்பு பற்றி ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். எங்கள் சபையில் ஒரு சகோதரி, புருஷன் அடிக்கிறான் என்று அழுதுகொண்டு வந்தார். ஏழெழுபது தரம் மன்னிக்கச் சொல்லியிருக்கிறது என்று வசனம் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். நானும் அங்கே இருந்தேன், வாய் திறக்கவில்லை. இப்போது அப்படி யாராவது வந்தால் முதலில் 181 மகளிர் உதவி எண்ணைக் கொடுத்து, பாதுகாப்பான இடத்தில் தங்கவைக்கச் சொல்வேன். மன்னிப்பது அவர் மனதுக்கும் ஆண்டவருக்கும் நடுவில், அவருக்கு முடிகிறபோது நடக்கட்டும். அடி வாங்க மறுபடி உள்ளே போகவேண்டும் என்று அந்த வசனத்தில் எங்கேயும் இல்லை. மன்னிக்கச் சொல்கிறவர்கள், அடித்தவன் என்ன திருப்பிக் கொடுத்தான் என்று ஏன் கேட்பதில்லை? என் சங்கிலிக் கதையில் அக்கா கேட்டது அதைத்தானே.

அம்மா 2019இல் போய்ச் சேர்ந்தாள். எல்லாம் அவள் முறைப்படி, பூசையோடு அடக்கம் என்று நானும் அக்காவும் முன்பே பேசி வைத்திருந்தோம். வீட்டிலிருந்து எடுக்குமுன் எங்கள் பாஸ்டர் வந்து ஒரு சின்ன ஜெபம் செய்தார், அக்கா அதற்குத் தலைகுனிந்து நின்றாள். பிறகு கோயிலுக்குள் போனேன். அப்பம் வாங்கப் போகவில்லை, கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்ததும் சபைச் சகோதரர் ஒருவர் மெதுவாகக் கேட்டார். "அம்மா இரட்சிக்கப்பட்டவங்களா பிரதர்?" அவர் அக்கறையோடுதான் கேட்டார். அந்தக் கேள்வியை நான் எத்தனை வீட்டில் கேட்டிருப்பேன். "அவங்க ஆண்டவருடைய இரக்கத்தை நம்பினாங்க. அவங்க வாயாலேயே கேட்டிருக்கேன்" என்றேன்.

இப்போதும் நான் அதே சபையில்தான் இருக்கிறேன். மரித்தோருக்காக ஜெபிப்பதில்லை. நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாள். ஒவ்வொரு வருஷமும் அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஊருக்குப் போகிறேன். நான் பார்த்தீனியச் செடியை வெட்டிப் போட்டால் அக்கா சுண்ணாம்பு கரைப்பாள். கல்லறைத் திருநாள் அன்று ஃபாதர் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வரும்போது நான் பேசாமல் நிற்பேன். அக்கா செபம் சொல்வாள்.

போன வருஷம் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தபோது அக்காவின் சங்கிலி தொங்கித் தொங்கி வாளியில் பட்டது. கழற்றி என்னிடம் நீட்டினாள். "புடி, பத்திரமா வச்சிக்கோ. முடிச்சதும் குடு" என்றாள். சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டு, அப்பா பக்கத்துச் செடியை வெட்டினேன்.